தலை டாஷ்போர்டில், உடல் டிக்கியில்

"தினமும் காலையில போலீஸ் ஜீப் வருது. என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. அங்க வச்சுத் தோளும் காலும் சுகமா அமுக்கி விடுறாங்க. சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விட்டுட்டு சல்யூட் அடிச்சுட்டுப் போறாங்க. ஒரு நாள் தவறினதில்ல."

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் இப்படிச் சொன்னபோது மருந்துக் கடையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. ஒரு பேச்சுக்குச் சிரிப்பதென்றாலும் அதைக் கொஞ்சமாவது நம்பித் தொலைக்க வேண்டும் அல்லவா? இருமல் மருந்துக்கு வந்திருந்தவர் இருமலை மறந்துவிட்டு அவரையே பார்த்தார். தன்னிடம் படித்த ஒருவர் ரிவர்ஸ் கியரிலேயே மாமியார் வீட்டுக்குப் போய், விருந்து சாப்பிட்டுவிட்டு, மாமியார் முகத்தைப் பார்க்காமலேயே திரும்பி வந்தார் என்று இதே இடத்தில் நின்று சொன்னவர்தான் வாத்தியார்.

கல்லாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மைத்துனர். வாத்தியார் மனைவியின் தம்பி. கடையும் அவருடையதுதான். எக்ஸ்பைரி தேதி பார்க்காமல் யார் பேச்சையும் உள்ளே எடுத்துக்கொள்ளாத மனிதர்.

"அத்தானுக்கு வெயில் ஒத்துக்கலை" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"மாப்ளே, நீயும்தானே வண்டியில இருந்தே?"

"எந்த வண்டி?"

அன்றைக்கு அந்த வண்டிக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாத்தியார். இன்னொருவர், இதோ, கத்தரியும் கையுமாக நின்று எந்த வண்டி என்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு காவலர்கள் இறங்கினார்கள். ஒருவர் வாத்தியாரின் வலது கையையும் மற்றவர் இடது கையையும் மரியாதையாகப் பிடித்து, மரியாதையாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள். கடையில் நின்ற அத்தனை பேரும் அந்த நொடியில் நம்பினார்கள். இருமல்காரர் மருந்து வாங்காமலே போய்விட்டார்.

"யாரோ சொந்தக்காரங்க போல" என்றார் மைத்துனர். உலகத்தில் சந்தேகம் என்று ஒன்று மிச்சம் இருந்தது என்றால் அது இனி அவரிடம் மட்டும்தான்.

நடந்தது இதுதான்.

டிரைவிங் ஸ்கூலின் பழைய வண்டி ஒரு நாள் நடுத்தெருவில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து கையால் காற்றில் ஸ்டியரிங் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஏலத்தில் ஒரு போலீஸ் கார் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட கார். மேலே வெள்ளை அடித்திருந்தாலும், சாய்வெயில் பட்டால் கதவில் 'காவல்' என்ற எழுத்து உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். வாத்தியார் அதைக் கண்டதும் மயங்கிவிட்டார். இந்த வண்டியில் படித்தால் எதிரே வருகிறவன் தானே ஒதுங்குவான், பாதிப் பாடம் மிச்சம் என்று கணக்குப் போட்டார்.

ஆனால் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பொருள் திருகி வைக்கப்பட்டிருந்தது. சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் சில திருகு குமிழ்கள், பக்கத்தில் கொக்கியில் தொங்கும் ஒரு கைமைக். மைக்கின் ஒயர் பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. பழைய போலீஸ் வயர்லெஸ் என்று பால் குடிக்கிற குழந்தையும் சொல்லிவிடும்.

வண்டியைப் பெயர் மாற்றித் தருகிற அலுவலகத்தில் இருந்தவர் அப்படிச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார்.

"வயர்லெஸ் சார்."

"நீங்க சொல்லக்கூடாது. அடையாளப் பிரிவு சொல்லணும். வண்டிக்குள்ள அடையாளம் தெரியாத பொருள் இருக்கிற வரைக்கும் வண்டி ரிட்டயர் ஆனதா அர்த்தமில்ல."

"அப்போ கழட்டிடறேன் சார். நாலு ஸ்க்ரூதான்."

அவர் பதறிப்போனார். "கழட்டிட்டா? எதைக் கழட்டினீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? அடையாளம் தெரியாததைக் கழட்டினேன்னா?"

ஆகவே வாத்தியார் அடையாளப் பிரிவுக்குப் போனார். போனார் என்றால் மைத்துனர் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தால் கை வியர்க்கும். எத்தனையோ வருடமாகப் பக்கத்து சீட்டிலேயே குடியிருந்ததில் அவர் முழுக்க முழுக்க பிரேக் மிதிக்கும் வலது காலும் வாயுமாக ஆகிவிட்டிருந்தார். "கடையை மூடிட்டு வந்திருக்கேன் அத்தான், சீக்கிரம் முடிங்க" என்று மைத்துனர் வழியெல்லாம் புலம்பினார்.

அடையாளப் பிரிவின் கட்டடத்துக்குள் நுழைந்ததும் புலம்பல் தானாக நின்றது. அப்படி ஓர் அமைதி. கதவுக் கீல்களில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. மின்விசிறிகள் இருந்தன, ஓடவில்லை. நீண்ட கூடத்தில் வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர். ஒவ்வொருவர் காதிலும் ஹெட்ஃபோன். எல்லா ஹெட்ஃபோன் ஒயர்களும் தரையில் ஊர்ந்து போய்ச் சுவரில் இருந்த ஒரே ஓட்டைக்குள் நுழைந்தன. யாரும் பேசவில்லை. எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாள் கிசுகிசுத்தார். "என்ன வேணும்? ஓவர்."

வாத்தியார் ஏலம் தொடங்கி ஸ்க்ரூ வரைக்கும் சொல்லி முடித்தார். அம்மாள் பேனாவைத் தூக்கியபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இமைகூடக் கொட்டவில்லை. வாத்தியார் செருமினார், சிரித்தார், வியர்த்தார். அம்மாள் அசையவில்லை.

"ஓவர் சொல்லித் தொலைங்க அத்தான்" என்று மைத்துனர் இடித்தார்.

"ஓவர்!"

அம்மாளுக்கு உயிர் வந்தது. "தலைப் பிரிவு இடது பக்கம், ஓவர்."

தலைப் பிரிவு அதிகாரி வாசலில் நின்ற வண்டிக்குள் தலையை விட்டு, குமிழ்களை மோந்து பார்த்தார். பிறகு வெளியே வந்து கூடமெல்லாம் கேட்கும்படி அறிவித்தார்: "தலை கிடைச்சிருக்கு! உடலைக் காணோம்! ஓவர்!"

வரிசையாக ஹெட்ஃபோன்கள் திரும்பி வாத்தியாரைப் பார்த்தன. அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயா, நான் ஏலத்துலதான் எடுத்தேன்..."

"பயப்படாதீங்க. குமிழ் இருக்கிறது தலை. உள்ள வேலை செய்யறது உடல். உடலை எங்க வச்சீங்க?"

உடல் பிரிவு அதிகாரி வந்து டிக்கியைத் திறந்து, உள்தகட்டைக் கழற்றினார். அங்கே இருந்தது. கறுப்பாக, ஒரு சூட்கேஸ் அகலத்துக்கு, தகடு கழன்றதும் குளிர் மூச்சு விட்டது போல ஒரு காற்று. அதிலிருந்து மணிக்கட்டு கனத்துக்கு ஒரு கேபிள் புறப்பட்டு, சீட்டுகளுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, பதுங்கிப் பதுங்கி முன்பக்கத் தலை வரைக்கும் போயிருந்தது. இத்தனை நாளும் அதன் மேல்தான் கால் வைத்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்ததும் மைத்துனர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அப்போ இது வயர்லெஸ்தானே சார்?" என்றார் வாத்தியார்.

தலைப் பிரிவு அதிகாரி புன்னகைத்தார். "எங்க பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு கருவியைக்கூடத் தப்பா அடையாளம் காட்டினது கிடையாது. ஏன்னா, ஒரு கருவியைக்கூட அடையாளம் காட்டினது கிடையாது. இந்தச் சுத்தமான பேரை உங்க ஒரு வண்டிக்காகக் கெடுத்துக்கச் சொல்றீங்களா?"

"அவசரப்பட்டு ரேடியோன்னு சொல்லிடலாம்" என்றார் உடல் பிரிவு அதிகாரி. "அப்புறம் அது ரேடியோவாவே இருந்து தொலைச்சா? யார் பொறுப்பு?"

பெட்டியின் நெற்றியில் பெயர்த் தகடு ஒன்று இருந்தது. ஆனால் வருடா வருடம் துடைப்பதற்குப் பதிலாகப் பெயின்ட் அடித்ததில் எழுத்து எங்கோ ஆழத்தில் போய்விட்டது. சுரண்டிப் பார்க்கலாமே என்று வாத்தியார் நகத்தை நீட்டினார். இரண்டு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் அவர் விரலைப் பிடித்தார்கள். அது அரசுப் பெயின்ட். அடித்தவர்களில் மூன்று பேருக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கிறது.

"அப்போ எப்படித்தான் சார் கண்டுபிடிப்பீங்க?"

பதில் பின்னாலிருந்து வந்தது. "அது கடைசியாக் கேட்ட குரலை வச்சு."

இயக்குநர் வந்திருந்தார். காலணிக்கு அடியிலும் கம்பளி ஒட்டியிருந்ததால் அவர் வந்தது யாருக்கும் தெரிவதில்லை. ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவர் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் தலை கவிழ்ந்து நின்றார்கள்.

"இந்தப் பிரிவை உண்டாக்கினவர் எங்க பெரியவர். உத்தரவுன்னா ஏட்டுத் தமிழ்லதான் போடுவார். ஒரு நாள் மைக்கை எடுத்து ஒரு வண்டிக்கு உத்தரவு கொடுத்தார். 'வண்டியில் இருக்கும் ஆளைப் பிடித்து' அப்படின்னார். அதோட சரி. ஓவர் சொல்லலை. பட்டன்லேர்ந்து விரலையும் எடுக்கலை. அவரை அடக்கம் பண்ணிட்டாங்க. வாக்கியத்தைப் பண்ண முடியலை. எதிர்ப்பக்கம் ஓவர் சொல்ற வரைக்கும் நாம பேசக்கூடாது, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கணும். இதுதான் விதி. அன்னையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கோம். நான் வேலைக்குச் சேர்ந்தது கேட்கத்தான். எனக்கு முன்னாடி இருந்தவர் கேட்டுக்கிட்டேதான் ஓய்வு பெற்றார். அந்த உத்தரவு எந்த வண்டிக்குப் போச்சுன்னு மட்டும் தெரியலை. ஏன்னா எந்த வண்டியோட கருவியையும் நாங்க அடையாளம் காட்டினதில்ல."

அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில், மிக லேசாக, பசி இருந்தது.

"உள்ள உட்காருங்க. ரெண்டு பேரும். சோதனைதான்."

வண்டியைப் பின்பக்கக் கொட்டகைக்குத் தள்ளினார்கள். ஷட்டரை இறக்கியதும் வெளிச்சம் தரையோடு ஒரு கோடாகச் சுருங்கியது. மைத்துனர் ஸ்டியரிங்குக்குப் பின்னாலும், வாத்தியார் வழக்கம்போல் பக்கத்திலும். வெளியே இருந்து யாரோ மின்சாரம் கொடுத்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு டிக்கியில் இருந்த கருவியின் கண்ணாடிக் குழாய் வால்வுகள் சூடாகி, எரிந்த தூசியின் வாடை முன்னால் வந்தது. காலுக்கு அடியில் கேபிள் மெல்ல அதிர்ந்தது. தலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் திறந்தது.

"அத்தான், போயிடலாம்."

"சும்மா இருடா."

கரகரவென்று ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து, கிணற்றடியிலிருந்து வருவது போல, ஒரு கிழக்குரல்: "வண்டியில் இருக்கும் ஆளைப் பிடித்து..."

அதற்கு மேல் சொல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. பட்டனை அழுத்திய விரல் அழுத்தியபடியே இருக்க, உள்ளே இழுத்த மூச்சை எப்படி வெளியே விடுவது என்று தெரியாமல் யாரோ திணறிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைச் சுவருக்கு அப்பால் கட்டடம் முழுவதும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தத் திணறலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார்கள். வாத்தியாருக்கு அந்தத் திணறல் தினமும் கேட்டுப் பழகியது. முதல் நாள் வருகிற எல்லோரும் அப்படித்தான்: கிளட்ச்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு, விடத் தெரியாமல், மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு மனசு தாங்கவில்லை. தொழில் புத்தி. கை தானாகப் போய் மைக்கை எடுத்தது, கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. ஆறுதலாக, அன்பாக, ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"விடுங்க."

மூச்சு நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது.

கட்டடத்துக்குள் நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம் காலடிகள். ஷட்டர் உயர்ந்தபோது ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. மைத்துனர் இருந்த இடத்தில் அவருடைய செருப்பு மட்டும் இருந்தது. வாத்தியார் ஓடவில்லை. கையில் மைக்கோடு, இல்லாத பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார்.

உத்தரவு முடிந்துவிட்டது. 'வண்டியில் இருக்கும் ஆளைப் பிடித்து விடுங்கள்.' பிரிவே ஆனந்தக் கண்ணீர் விட்டது. கண்ணீரைத் துடைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது.

தலைப் பிரிவு அதிகாரி சொன்னார்: "பிடித்துவிடுங்கள். ஒரே சொல். கட்டாயமாப் பிடிச்சே தீரணும்னு அர்த்தம். விடுறதுங்கிற பேச்சுக்கே இடமில்ல."

உடல் பிரிவு அதிகாரி சொன்னார்: "பிடித்து, விடுங்கள். ரெண்டு சொல். பிடிக்கணும், அப்புறம் விட்டுடணும்."

வரவேற்பு அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்க வீட்ல கால் வலின்னா 'பிடித்து விடு'ன்னுதான் சொல்வாங்க. ஓவர்."

இயக்குநர் தீர்ப்பு வரும்வரை ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தார். யாருடைய பொருளும் மீறப்படக் கூடாது. ஆகவே காலையில் பிடிப்பது, பகலில் பிடித்துவிடுவது, மாலையில் விடுவது.

முதல் வாரம் வாத்தியாருக்குச் சொர்க்கம். தோளில் இருந்த பழைய பிடிப்பெல்லாம் கரைந்தது. மருந்துக் கடையில் அவர் அடித்த பெருமை அந்த வாரத்துப் பெருமைதான். அதற்குப் பிறகு கைகள் மாறின. அமுக்குகிற கட்டைவிரல்கள் எலும்பு எலும்பாக எதையோ தேடத் தொடங்கின. பிடிக்கும்போது இறுக்கம் கூடியது. விடுகிற இடமும் தள்ளிப் போனது. முதலில் வீட்டு வாசல், அப்புறம் தெருமுனை, அப்புறம் பஸ் நிறுத்தம்.

"சாப்பாடு ஆறிப் போகுது. கொஞ்சம் முன்னாடி விடச் சொல்லுங்க" என்றார் மனைவி. ஒரு நாள் வாத்தியார் சட்டையைக் கழற்றியபோது தோளைப் பார்த்துவிட்டுத் தைலம் எடுத்துவந்தார்.

தீர்ப்பு நாளில் இயக்குநர் கூடத்தின் நடுவே நின்றார். எல்லோரும் ஹெட்ஃபோனைக் கழற்றியிருந்தார்கள். கழற்றிய காதுகள் வெளுத்துப்போய் இருந்தன.

"கருவியை அடையாளம் கண்டுட்டோம்" என்றார். "நம்ம வரலாற்றுல முதல் தடவை. இது பெரியவரோட உத்தரவை முடிச்சு வைக்கிற கருவி. தலை டாஷ்போர்டில், உடல் டிக்கியில், வாய் பக்கத்து சீட்டில்."

கைதட்டினார்கள். கையில் கம்பளி உறை இருந்ததால் சத்தம் வரவில்லை.

"வாயா?" என்றார் வாத்தியார்.

"நீங்கதான். பாகம் பாகமாப் பிரிச்சு வைக்க எங்களுக்கு அனுமதி இல்ல. மூணும் ஒண்ணாக் கீழ்க் கிடங்குல இருக்கும். பயப்படாதீங்க, ஈரம் படாது. ஒரே ஒரு வழி இருக்கு. பிடித்துக்கும் விடுங்களுக்கும் நடுவுல இடைவெளி இருந்திருந்தா, உங்களை விட்டுடணும்."

"இருந்துச்சு சார்! நானே..."

"வாய் சாட்சி சொல்ல முடியாது. வாய் பேசும், கேட்காது."

"நீங்க எல்லாரும்தானே கேட்டீங்க?"

"நாங்க ஹெட்ஃபோன்ல கேட்டோம். ஹெட்ஃபோன்ல சத்தம்தான் வரும். இடைவெளிங்கிறது சத்தம் இல்லாதது. அது வராது. பக்கத்துல வெறும் காதோட இருந்த ஆள் யாராவது சொல்லணும். ஆனா தான் அங்க வரவே இல்லைன்னு உங்க மைத்துனர் சொல்லிட்டாரே? செருப்பைக் காட்டினோம். இது என் அளவே இல்லைன்னுட்டார்."

கூடத்தின் கோடியில் கதவு திறந்தது. வாத்தியாரின் மனைவி வந்தார். ஒரு கையில் தம்பியின் சட்டைக் காலர் இருந்தது. அதற்குள் தம்பியும் இருந்தார்.

"இவன்கிட்டக் கேளுங்க" என்றார் அவர்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. சத்தமில்லாமல் நடந்து வந்து மைத்துனரின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நல்ல காது" என்றார். "பாருங்க தம்பி, இது இருவழிக் கருவி. வாய் ஒரு வழி, காது ஒரு வழி, ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். காது கிடைச்சா எங்களுக்கு வாய் தேவைப்படாது, உங்க அத்தானை விட்டுடலாம். ஆனா கேட்டேன்னு சொல்ற காது... அது கருவியோட பாகம், அதுதான் கிடங்குக்குப் போகும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு அந்த வண்டியில நீங்க இருந்தீங்களா?"

கிடங்குக்கு இறங்கும் படிகளின் தலையில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். ஒருவர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த..." என்று ஆரம்பித்தார் மைத்துனர்.

"ஆமா மாப்ளே, நீ வரலை" என்றார் வாத்தியார் சட்டென்று. சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பொய்யே சொல்லாத ஒரு விஷயத்தில் முதல் பொய்யைச் சொல்லிவிட்டார். "நான்தான் சும்மா உன்னை இழுத்துவிட்டுப் பெருமைக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். எனக்குத்தான் அந்தப் பழக்கம் உண்டே. நீ வரவே இல்ல. அக்காவைக் கூட்டிக்கிட்டுக் கடையைத் திறக்கப் போ. ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

வாத்தியாரின் மனைவி காலரை விட்டார். மைத்துனர் போகவில்லை. அத்தானின் தோளைப் பார்த்தார். சட்டைக்கு மேலேயே விரல் தடங்கள் தெரிந்தன. படிப்பக்கம் இருந்த காவலர்கள் மெல்ல நடந்து வந்து, மைத்துனருக்கு இரு பக்கமும், தொடாமல், தொடும் தூரத்தில் நின்றார்கள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத அந்த மனிதர் இந்த முறை யாரையும் பார்க்காமல், தரையில் ஊர்ந்து போகிற ஒயர்களைப் பார்த்துச் சொன்னார்:

"நடந்துச்சுங்க. அத்தான் சொல்றதெல்லாம் அப்படியே நடந்துச்சு. நானும் அந்த வண்டியிலதான் இருந்தேன். அந்தக் குரல் நின்னுச்சு, அப்புறம் ரொம்ப நேரம் மூச்சுதான் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் அவர் விடுங்கன்னார். எல்லாத்தையும் என் ரெண்டு காதால கேட்டேன்."